கேட்காத கார்டு, மூன்று குறுஞ்செய்திகள்: நங்கநல்லூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

2025ஆம் ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் தெருவில் நடந்த ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் பெற்றே எழுதுகிறேன். ஆட்களின் பெயரையோ வங்கி, கடை ஆகியவற்றின் பெயரையோ குறிப்பிடவில்லை. நான் வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, புகார்க் கடிதம் எழுதித் தருவது என்று உதவி வருகிறேன். இந்த நிகழ்வில் நானும் ஒரு தவறான முடிவுக்கு அருகில் போனேன். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு 68 வயது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். கணவர் 2023இல் காலமானார். மகன் பெங்களூரில் இருக்கிறார். டீச்சருக்குப் பென்ஷன் வருவது ஒரு பொதுத்துறை வங்கியில். அங்கே ஒரு டெபிட் கார்டு உண்டு. பாலுக்கும் காய்கறிக்கும் போனில் பணம் அனுப்பப் பழகியிருந்தார். கிரெடிட் கார்டு வைத்திருந்ததே இல்லை. கடன் என்ற சொல்லை வீட்டு வாசற்படி ஏற விடாதவர்.

பின்னால் முக்கியமாகப் போகும் ஒரு விவரம் உண்டு. 2025 ஜனவரியில் மகன் அவருக்குப் புதிய சிம் வாங்கிக் கொடுத்திருந்தார். அதாவது கைப்பேசி எண் புதியது.

முதல் இரண்டு செய்திகள்

ஜூன் 10, செவ்வாய்க்கிழமை மாலை ஒரு குறுஞ்செய்தி வந்தது. டீச்சருக்குக் கணக்கே இல்லாத ஒரு தனியார் வங்கியின் பெயரில், ஆங்கிலத்தில். கிரெடிட் கார்டு விண்ணப்பம் ஏற்கப்பட்டது, கார்டு கூரியரில் அனுப்பப்படுகிறது, அதன் கடைசி நான்கு எண்கள் இவை என்று இருந்தது. அவர் மகனுக்குப் போன் செய்தார். மகன், “அம்மா, இதெல்லாம் மோசடி. தொடாதீர்கள், அழித்துவிடுங்கள்” என்றார். அழித்துவிட்டார்.

மகனைக் குறை சொல்ல முடியாது. இணைப்பைத் தொடாதே, ஓடிபியைச் சொல்லாதே என்றுதான் நாம் எல்லோரும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தச் செய்தியில் இணைப்பு எதுவும் இல்லை. பணமும் யாரும் கேட்கவில்லை. ஒரு தகவல் மட்டும் இருந்தது. அந்தத் தகவல் மெய்யாக இருந்தால் என்ன செய்வது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

ஜூன் 13 அன்று இரண்டாவது செய்தி. வீட்டில் ஆள் இல்லாததால் கார்டைக் கொடுக்க முடியவில்லை, திருப்பி அனுப்பப்படுகிறது என்று அது சொன்னது. அன்று காலை டீச்சர் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது எதிர்வீட்டுக்காரர், “கூரியர்காரர் வந்து போனார்” என்று சொன்னார். செய்தியில் சொன்னபடியே ஒருவர் வாசலுக்கு வந்திருக்கிறார். வங்கிக்கு இந்த வீட்டு முகவரி தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அது அன்று எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை

ஒரு மாதம் கழித்து மூன்றாவது செய்தி வந்தது. கார்டைச் செயல்படுத்த ஒப்புதல் தேவை என்று சொல்லி ஓர் ஓடிபி.

இது ஏன் வந்தது என்பதற்கு விதியில் விளக்கம் இருக்கிறது. கிரெடிட் கார்டுகளுக்கு அப்போது நடப்பில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, கொடுத்து 30 நாட்களுக்கு மேலாகியும் செயல்படுத்தாத கார்டுக்கு ஓடிபி மூலம் வாடிக்கையாளரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஒப்புதல் வராவிட்டால், கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் கட்டணம் எதுவும் வாங்காமல் கணக்கை மூடிவிட வேண்டும். அதாவது டீச்சர் அந்த ஓடிபியை யாருக்கும் சொல்லாமல், எங்கும் இடாமல் இருந்தாலே கார்டு தானாக மூடப்பட்டிருக்க வேண்டும். நிம்மதி தரவேண்டிய அந்தச் செய்தி அவரை நடுங்க வைத்தது. ஓடிபி என்றாலே பணம் போகப்போகிறது என்றுதான் அவருக்குத் தெரியும்.

இந்த முறை அவர் மகனைக் கேட்கவில்லை. மூன்றாவது தடவையாக அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். இணையத்தில் அந்த வங்கியின் பெயரோடு ‘கஸ்டமர் கேர்’ என்று சேர்த்துத் தேடினார். முதலில் கண்ணில் பட்ட பத்து இலக்க எண்ணை அழைத்தார்.

எடுத்தவர் மரியாதையாகத் தமிழில் பேசினார். ஆண்டுக் கட்டணம் 4,999 ரூபாய் இன்றிரவே பென்ஷன் கணக்கிலிருந்து போய்விடும், உடனே ரத்து செய்ய வேண்டும் என்றார். பிறந்த தேதி கேட்டார், பென்ஷன் எந்த வங்கியில் என்று கேட்டார். இரண்டையும் டீச்சர் சொன்னார். பிறகு ஒரு செயலியை நிறுவச் சொன்னார். நிறுவினார். திரையை அடுத்தவர் பார்க்கும்படி பகிர்ந்துகொள்ளும் செயலி அது. அடுத்து, “அம்மா, உங்கள் வங்கிச் செயலியைத் திறங்கள்” என்றார்.

அந்த இடத்தில் டீச்சர் இணைப்பைத் துண்டித்தார். “வேறு வங்கியின் கார்டை ரத்து செய்ய என் பென்ஷன் கணக்கை ஏன் திறக்க வேண்டும் என்று தோன்றியது சார்” என்றார். நடுக்கத்தின் நடுவிலும் அந்தக் கேள்வி அவருக்குள் எழுந்ததே, அதுதான் அவருடைய பணத்தைக் காப்பாற்றியது. என் பங்கெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த ஆள் திரும்பத் திரும்ப ஏழு முறை அழைத்தார். எட்டாவது அழைப்பு வந்தபோது டீச்சர் போனைக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலில் நின்றார்.

முதல் ஒரு மணி நேரம்

என்ன நடந்தது என்று விசாரிப்பதைத் தள்ளிவைத்தேன். போனை ஃபிளைட் மோடுக்கு மாற்றி, அந்தச் செயலியை நீக்கினோம். என் போனிலிருந்து, அவருடைய டெபிட் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்து, கார்டு, இணைய வங்கி, யுபிஐ மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னோம். இருப்பு குறையவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று போன் அமைப்பில் பார்த்தோம். இல்லை.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, அப்போது நடப்பில் இருந்த சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு வாடிக்கையாளருடையது. தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. எனவே தெரிவிப்பதுதான் முதல் வேலை. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழைத்திருப்போம். போகாததால், அந்த ஆளின் எண்ணை, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் புகாராகப் பதிந்தோம்.

டீச்சர் அன்று என்னிடம் இரண்டு மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஒருவர், ஏமாற்ற வந்தவனிடமிருந்து தப்பி வந்துவிட்டு, தான் தப்பு செய்ததுபோல் தலைகுனிந்து நிற்கிறார். இந்த வெட்கம்தான் பலரைப் புகார் சொல்லவிடாமல் தடுக்கிறது. காபி கொடுத்து, அவர் செய்ததில் எவையெல்லாம் சரி என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் தேதிகளை நினைவுகூர்ந்து சொல்லத் தொடங்கினார்.

செய்தி மெய்யா, கார்டு யாருடையது

அதுவரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, ‘இது மோசடியா?’ என்பது. அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருந்தன. செய்தியை அனுப்பியது உண்மையிலேயே வங்கிதானா? வங்கிதான் என்றால், கார்டு டீச்சரின் பெயரில் இருக்கிறதா, அல்லது வேறு யாருடைய கார்டுக்கோ இவருடைய கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறதா?

அனுப்புநர் பெயரின் கடைசியில் ‘எஸ்’ என்ற எழுத்து இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி விளம்பரச் செய்திக்கு ‘பி’, சேவைக்கு ‘எஸ்’, பரிவர்த்தனைக்கு ‘டி’, அரசுச் செய்திக்கு ‘ஜி’ என்று பின்னொட்டு வரும். இதை ஓர் அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொண்டேன், இதை வைத்தே முடிவு செய்யவில்லை. கூரியர்காரர் நேரில் வந்ததுதான் வலுவான சான்று. வங்கிச் செய்தி மெய்யானது, இணையத்தில் கிடைத்த எண்தான் பொய்யானது.

இரண்டாவது கேள்வியில்தான் நான் தவறப் பார்த்தேன். டீச்சரின் எண் புதியது என்று தெரிந்தவுடன், ‘இது யாரோ விட்டுப்போன பழைய எண்’ என்று முடிவு கட்டினேன். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது நடைமுறை. முந்தைய உரிமையாளர் வங்கியில் எண்ணை மாற்றாவிட்டால் அவருடைய செய்திகள் புதியவருக்கு வரும். இப்படி ஒன்றை முன்பே பார்த்திருக்கிறேன். ‘இந்த எண் உங்கள் வாடிக்கையாளருடையது அல்ல, நீக்கிவிடுங்கள்’ என்று வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதவும் தொடங்கினேன்.

கூரியர் ஞாபகம் வந்ததும் நிறுத்தினேன். எண் மட்டும் தவறாக இருந்தால் உறை இந்த வாசலுக்கு எப்படி வரும்? அந்த மின்னஞ்சல் போயிருந்தால் நடந்திருக்கக்கூடியதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. வங்கி எண்ணை நீக்கியிருக்கும், செய்திகள் நின்றிருக்கும், நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம். கார்டு மட்டும் டீச்சரின் பெயரிலேயே, அவருக்கு எந்தத் தகவலும் வராத நிலையில் இருந்திருக்கும்.

இதைத் தீர்மானிக்க ஒரே நல்ல வழி, ஒருவர் பெயரில் உள்ள கடன்களையும் கார்டுகளையும் காட்டும் கடன் அறிக்கை. இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஜூலை 12 இரண்டாம் சனிக்கிழமை, வங்கிகளுக்கு விடுமுறை. அன்று காலை அவற்றுள் ஒன்றின் தளத்தில் டீச்சரின் பான் எண்ணைக் கொடுத்து அறிக்கையை எடுத்தோம். மாதச் சந்தா கேட்கும் பக்கங்கள் இடையில் வரும். இலவச அறிக்கைக்கான பகுதியைப் பொறுமையாகத் தேட வேண்டியிருந்தது.

கடன் கணக்கு எதுவும் அதில் இல்லை. ஆனால் ‘விசாரணைகள்’ என்ற பகுதியில் ஒரே ஒரு வரி: ஜூன் 7, அந்தத் தனியார் வங்கி, கிரெடிட் கார்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின. செயல்படுத்தாத புதிய கார்டின் விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பக்கூடாது என்பது விதி. ஆனால் விண்ணப்பத்தின்போது வங்கி எடுத்துப் பார்த்தது பதிவாகிவிடும். ஆக, டீச்சரின் பான் எண்ணை வைத்து யாரோ விண்ணப்பித்திருக்கிறார்கள். விசாரணை வரி இல்லாமல் இருந்திருந்தால், நான் முதலில் நினைத்த பழைய எண் கதைதான் பெரும்பாலும் சரியாக இருந்திருக்கும்.

கிளையும் கடிதமும்

ஜூலை 14, திங்கட்கிழமை அந்த வங்கியின் கிளைக்குப் போனோம். “கிரெடிட் கார்டு பிரிவு தனி, கஸ்டமர் கேரில் பேசுங்கள்” என்றார்கள். முன்பு நானும் கவுன்ட்டருக்கு உள்ளே இருந்து இப்படிச் சொல்லியிருக்கிறேன். வெளியே நின்று கேட்கும்போது அது எவ்வளவு கைவிடப்பட்டதுபோல் இருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது.

வங்கியின் இணையதள முகவரியை நாங்களே தட்டச்சு செய்து திறந்து, அதில் கொடுத்திருந்த குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலுக்கு அன்றே எழுதினோம். நான்கு கோரிக்கைகள்: விண்ணப்பத்தின் நகல் வேண்டும், ஒப்புதல் எப்போது, எங்கே, எந்த வழியில் பெறப்பட்டது என்று சொல்ல வேண்டும், கார்டை மூடி எழுத்துமூலம் உறுதி தர வேண்டும், கடன் அறிக்கையிலுள்ள விசாரணைப் பதிவை நீக்க வேண்டும். கேட்காமல் கார்டு கொடுப்பதை அந்த 2022ஆம் ஆண்டு விதிகள் தடை செய்திருந்தன. ஒப்புதல் இல்லாமல் செயல்படுத்திக் கட்டணமும் போட்டால், அதைத் திருப்பிக் கொடுப்பதோடு இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டோம். பான் எண்ணை முழுதாக எழுதவில்லை, ஆதார் நகலை இணைக்கவில்லை.

அதே நாளில் டீச்சரின் சொந்த வங்கிக்கும் போய், நிறுத்திவைத்த சேவைகளைப் புதிய கடவுச்சொல்லோடு திறந்தோம். அங்கே நாங்கள் தேடாத ஒன்று தெரியவந்தது. கணவரோடு சேர்ந்து போட்டிருந்த வைப்புக் கணக்குக்கு, கணவரின் பழைய கைப்பேசி எண்ணே இன்னும் பதிவில் இருந்தது. அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டு ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. இவர்களுடைய வைப்புத்தொகைச் செய்திகள் வேறு யாருடைய போனுக்கோ போய்க்கொண்டிருந்திருக்கலாம். அன்றே மாற்றினோம்.

பழைய ஓடிபி

ஜூலை 21 அன்று கார்டு மூடப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஜூலை 24 அன்று வங்கியின் பதில். விண்ணப்பம் ஜூன் 7 அன்று தியாகராய நகரில் ஒரு கடையில் இருந்த முகவர் மூலம் பெறப்பட்டது, வாடிக்கையாளரின் எண்ணுக்கு அனுப்பிய ஓடிபி சரியாக இடப்பட்டது, எனவே ஒப்புதல் உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

டீச்சர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, “ஃபிரிட்ஜ்” என்றார்.

ஜூன் 7, சனிக்கிழமை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு கடையில் 28,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறார். பில் போடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் ஓர் இளைஞர், “மெம்பர் கார்டு போட்டால் 1,500 ரூபாய் தள்ளுபடி அம்மா” என்று சொல்லி, பான் எண்ணையும் முகவரியையும் வாங்கி, போனுக்கு வந்த எண்ணையும் கேட்டிருக்கிறார். சனிக்கிழமைக் கூட்டம், கண்ணாடி கைப்பைக்குள், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். டீச்சர் எண்ணைப் படித்துச் சொன்னார். தள்ளுபடியும் கிடைத்தது.

போனில் பின்னோக்கித் தேடினோம். அந்தச் செய்தி அழிக்கப்படாமல் இருந்தது. ‘கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கான ஓடிபி, யாரிடமும் பகிர வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அனுப்புநர் பெயரும், பின்னால் வந்து அழிக்காமல் இருந்த செய்திகளின் பெயரும் ஒன்றுதான்.

வங்கியின் பதிவேட்டில் அது ஒப்புதல். டீச்சரின் மனத்தில் அது தள்ளுபடி. என்ன தருகிறோம் என்று சொல்லாமல் வாங்கும் ஒப்புதலை நான் ஒப்புதலாகக் கருதவில்லை. அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் இத்தனை கார்டு என்று இலக்கு வைத்திருப்பார்கள். இலக்கு வைத்தவர்கள் மீது உண்டு.

பின்னர் நடந்தது

விசாரணைப் பதிவை நீக்க வங்கி மறுத்தது. ஜூலை 25 அன்று கடன் தகவல் நிறுவனத்தில் ஆட்சேபம் பதிந்தோம். இதற்கு 30 நாள் கெடு உண்டு, தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆகஸ்ட் 20 அன்றே பதில் வந்துவிட்டது. வங்கி ஒப்புதல் உண்டு என்று உறுதி செய்வதால் பதிவு நீடிக்கும் என்றார்கள்.

அடுத்த படி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதிலில் நிறைவு இல்லாவிட்டாலோ, கட்டணமின்றி இணையத்தில் புகார் செய்யலாம். சண்டிகரில் உள்ள மையத்துக்குக் கடிதமாகவும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. நான் போகலாம் என்றேன். டீச்சர் வேண்டாம் என்றார். “எனக்குக் கடன் வாங்கும் உத்தேசம் இல்லை சார். கார்டு போய்விட்டது, அது போதும்.” அவருடைய முடிவு, மதித்தேன். என் பெயரில் நடந்திருந்தால் போயிருப்பேன்.

ஆனால் அவர் வேறொன்று செய்தார். செப்டம்பரில் என்னையும் அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். நடந்ததைத் தன் கையால் இரண்டு பக்கம் தமிழில் எழுதி மேலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினார். மேசை அங்கேயேதான் இருந்தது. மேசையருகே போனைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் படிக்க முயன்றுகொண்டிருந்த ஓர் அம்மாவிடம், “அது கிரெடிட் கார்டு. வேண்டுமா என்று யோசித்துச் சொல்லுங்கள்” என்றார்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

ஜூன் 10 அன்று வந்த செய்தியை அழித்திருக்கக்கூடாது. பதில் போடாமல், அழிக்காமல் வைத்துக்கொண்டு, வங்கியின் அதிகாரபூர்வ எண்ணில் அன்றே கேட்டிருந்தால் ஜூலை 11 நடந்திருக்காது. அந்த எண்ணைத் தேடுபொறியில் தேடாமல் வங்கியின் சொந்தத் தளத்தில் எடுக்க வேண்டும். மகன் இப்போது, ‘அழித்துவிடுங்கள்’ என்பதற்குப் பதிலாக, ‘படித்துக் காட்டுங்கள் அம்மா’ என்கிறார்.

நான் மின்னஞ்சலை எழுதத் தொடங்கும் முன்பே அறிக்கையைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது தெரியாத கார்டு என்று யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுக்கிறோம். பிறகு, கடந்த ஒரு மாதத்தில் எந்தக் கடையில் ஓடிபியைச் சொன்னீர்கள் என்று கேட்கிறேன். இந்தக் கேள்வியை அன்றே டீச்சரிடம் கேட்டிருந்தால், வங்கியின் பதிலுக்காகப் பத்து நாள் காத்திருக்க வேண்டியிருக்காது.

வங்கிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் டீச்சர் ஒரு கோரிக்கை வைத்தார், அதற்கு இன்னும் பதில் இல்லை. தமிழ்நாட்டில் அனுப்பும் ஓடிபி செய்தியின் முதல் வரியில் ‘கிரெடிட் கார்டு விண்ணப்பம்’ என்று தமிழில் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். தமிழில் இருந்திருந்தால் கண்ணாடி இல்லாமலே படித்திருப்பேன் என்கிறார்.